பேரைச் சொல்லு என்பவர்களுக்கு

“தைரியம் இருந்தா பேரைப் போட்டு எழுதச் சொல்லு.”

ஊராட்சித் தலைவர் இதைச் சொல்லுவார். கல்லூரித் தாளாளர் சொல்லுவார். கம்பெனி மேனேஜர் சொல்லுவார். அவர்கள் சொல்லுவதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் நம்மோடு ஒரே மேடையில் உட்காருகிற முற்போக்குத் தோழர்களும் இப்போது இதையேதான் சொல்லுகிறார்கள். ஒரு தலித் பையனோ பொண்ணோ தனக்கு நடந்த அநியாயத்தை இணையத்தில் பேரில்லாமல் எழுதிவிட்டால் போதும். எழுதியது உண்மையா என்று கேட்பதற்கு முன்னால், எழுதியது யார் என்று கேட்கிறார்கள். மொட்டைக் கடுதாசி என்கிறார்கள். முகமூடி என்கிறார்கள். கோழைத்தனம் என்கிறார்கள். அதற்கப்புறம் வக்கீல் நோட்டீஸ் வருகிறது.

இந்தக் கட்டுரை அந்தத் தோழர்களோடு சண்டை போடுவதற்காக எழுதப்படுகிறது. அவதூறு வழக்குப் போடுகிறவர், தன் பக்கம் வழக்கு இருக்கிறது என்று ஆதாரத்தோடு காட்டுகிறவரைக்கும், பேரில்லாமல் எழுதியவரின் பேரை எந்த நீதிமன்றமும் பிடுங்கித் தரக்கூடாது. நான் சொல்ல வந்தது இதுதான். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறேன்.

1

முதலில் இந்தப் பேர் என்பது என்ன என்று பார்ப்போம். உங்களுக்குப் பேர் என்பது கையெழுத்து. கட்டுரைக்குக் கீழே போடுகிறீர்கள், நாலு பேர் பாராட்டுகிறார்கள், இரண்டு பேர் திட்டுகிறார்கள், முடிந்துபோகிறது. எங்கள் பேர் அப்படி நின்றுவிடுவதில்லை. பேரைக் கேட்டவன் அடுத்து அப்பா பேரைக் கேட்பான். அப்புறம் எந்த ஊர் என்பான். அப்புறம் ஊரில் எந்தப் பக்கம் என்பான். நாலாவது கேள்வியில் ஆள் சேரிக்கு வந்து சேர்ந்துவிடுவான். எழுதியவள் சென்னையில் ஹாஸ்டலில் இருப்பாள். அவளுடைய அப்பா ஊரில் அவர்கள் வயலில்தான் கூலிக்குப் போகிறார். அம்மாவுக்கு நூறு நாள் வேலை அட்டையில் பதிவு போடுகிறவரும் அவர்கள் ஆள்தான். தங்கச்சி ஊர்த் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஒரு பேரைச் சொன்னால் இத்தனை பேரையும் சேர்த்துச் சொன்னதாகத்தான் அர்த்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பாட்டன் பூட்டனுக்கு நல்ல பேர் வைத்துக்கொள்ளக்கூட ஊர் விடவில்லை. சாமி பேரை வைத்தால் அதைச் சிதைத்துக் கூப்பிட்டார்கள். எழுபது வயதுக் கிழவனை ஏழு வயதுப் பையன் ‘வாடா’ என்றான். அன்றைக்கெல்லாம் எங்களுக்குப் பேர் இருப்பதையே ஒத்துக்கொள்ளாதவர்கள், நாங்கள் வாயைத் திறந்து பேச ஆரம்பித்ததும் முதல் காரியமாகப் பேரைக் கேட்கிறார்கள்.

பேரில்லாமல் எழுதுவது நம் மரபில்லை என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு சேதி. 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ வெளிவந்தது. ஊமைகளின் தலைவன் என்று பொருள். அதை நடத்தியவர் அம்பேத்கர். ஆனால் ஆசிரியர் என்று அச்சிடப்பட்டது பாண்டுரங் பட்கர் என்ற தோழரின் பேர். அம்பேத்கர் அப்போது பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர், அரசுச் சம்பளக்காரர். அவருக்கே அன்று பேரைப் பின்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டியிருந்தது. அவரைக் கோழை என்று சொல்ல எந்தத் தோழருக்காவது வாய் வருமா?

2

அடுத்து, மானம்.

மானநஷ்டம் என்கிறது நம் பேச்சுவழக்கு. அவதூறு என்கிறது சட்டத் தமிழ். இரண்டுக்கும் அடியில் ஒரே நினைப்புத்தான் இருக்கிறது. ஒருவருக்குச் சமூகத்தில் ஒரு மதிப்பு இருக்கிறது, அதை இன்னொருவர் வாயால் குறைத்துவிட்டார் என்பது. 1860ஆம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் போய் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. பேர் மாறினாலும் 356ஆம் பிரிவில் அவதூறு இன்றைக்கும் குற்றம்தான், இரண்டு வருடம் வரை சிறை உண்டு. சொன்னது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் தப்ப முடியாது. பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியது சொன்னவர். 2016 மே மாதம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் குற்றப் பிரிவு செல்லும் என்றது. கௌரவம் என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று காரணம் சொன்னது.

நல்லது. கௌரவம் வாழ்வுரிமையின் பகுதிதான். நாமும் அதைத்தான் நூறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் சாதிச் சமூகத்தில் மானம் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்படவில்லையே! செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தவனுக்கு, டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவனுக்கு இந்தச் சட்டம் மானநஷ்டம் வாங்கிக் கொடுத்ததா? தனிக் குவளை வைத்தவரை ‘இவர் தனிக் குவளை வைத்தார்’ என்று எழுதினால்தான் மானநஷ்டம் வருகிறது. செய்தவருக்கு நஷ்டம் இல்லை, சொன்னால் நஷ்டம். பரம்பரையாக மானத்தைச் சேர்த்துவைத்திருக்கிறவனுக்குத்தான் அது போய்விட்டது என்று நீதிமன்றம் ஏற முடிகிறது. நிலம் மாதிரிதான் இதுவும்.

3

நான் பல வருடம் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். கல்லூரியின் பேர் இங்கே வேண்டாம். அங்கே ஒரு சமயம் பேரில்லாத பதிவு ஒன்று இணையத்தில் வந்தது. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு வருகிற ஸ்காலர்ஷிப் பணத்தை மெஸ் பாக்கி என்று பிடித்துக்கொள்ளுகிறார்கள், ரசீது தருவதில்லை, கேட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. மொத்தம் பத்து வரி இருக்கும்.

இரண்டே நாளில் கல்லூரி நோட்டீஸ் போர்டில் வக்கீல் நோட்டீஸின் நகல் ஒட்டப்பட்டது. ‘பெயர் தெரியாத நபருக்கு’ என்று ஆரம்பித்து, கல்லூரியின் நற்பெயருக்கு ஏற்பட்ட பங்கத்துக்கு லட்சக்கணக்கில் நஷ்டஈடு என்று முடிந்தது. அப்புறம் ஹாஸ்டலில் இருந்து மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு செல்போனை வாங்கிப் பார்த்தார்கள். கூப்பிட்டது முழுக்க நம்ம பிள்ளைகளை. மற்ற சாதி மாணவர் ஒருவரையும் கூப்பிடவில்லை. எதிரியின் பேர் தெரியாது, ஆனால் சாதி மட்டும் தெரிந்திருந்தது!

ஆசிரியர் கூட்டத்தில் நான் ரசீதுப் புத்தகத்தைக் காட்டச் சொன்னேன். “அது வேற விஷயம் சார்” என்றார்கள். கடைசிவரைக்கும் அது வேற விஷயமாகவே இருந்தது. வழக்கு எதுவும் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. இரண்டு பையன்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவன் படிப்பையே விட்டுவிட்டான். அந்தப் பத்து வரியை எழுதியது அவர்கள்தானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இதை இவ்வளவு விரிவாக ஏன் சொல்லுகிறேன் என்றால், அவதூறு வழக்கு என்றதும் நம் ஆட்கள் தீர்ப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். தீர்ப்பு எங்கோ கிடக்கிறது. பேர் தெரிந்த அன்றைக்கே தண்டனை முடிந்துபோகிறது. அவர்களுக்கு வேண்டியது நஷ்டஈடு என்றா நினைக்கிறீர்கள்? ஹாஸ்டல் பையனிடம் எந்த லட்சம் இருக்கிறது? வேண்டியது பேர் ஒன்றுதான்.

4

இந்த விஷயத்தை அமெரிக்க நீதிமன்றங்கள் நமக்கு முன்னாலேயே பார்த்துவிட்டன. அமெரிக்காவைக் கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே இந்த உரிமையை வாங்கிக் கொடுத்ததில் கறுப்பின மக்களின் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதற்காகச் சொல்லுகிறேன்.

1956இல் அலபாமா மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. சங்கம் மறுத்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். 1958இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பட்டியலைக் கொடுக்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. பேர் வெளியே தெரிந்த உறுப்பினர்களுக்கு ஏற்கனவே வேலை போயிருக்கிறது, அடி விழுந்திருக்கிறது, ஆகவே பேரைக் கேட்பதே அமைப்பை ஒடுக்குவதாகும் என்று அந்த நீதிபதிகளுக்குப் புரிந்தது.

1960இல் டாலி வழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் துண்டறிக்கை அடித்தால் அச்சிட்டவர், கொடுத்தவர் பேரைப் போட வேண்டும் என்று விதி இருந்தது. கறுப்பர்களுக்கும் மெக்சிகர்களுக்கும் ஆசிய மக்களுக்கும் சமமாக வேலை கொடுக்காத கம்பெனிகளின் சரக்கை விற்கிற கடைகளைப் புறக்கணியுங்கள் என்று ஒரு துண்டறிக்கை பேரில்லாமல் வந்தது. கொடுத்தவருக்கு அபராதம் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் அந்த நகர விதியையே செல்லாது என்று அடித்தது. 1995இல் மக்கின்டயர் வழக்கிலும் பேரில்லாத துண்டறிக்கைக்கு உரிமை உண்டு என்று மறுபடியும் சொன்னது.

அப்புறம் இணையம் வந்தது. 1999இல் ரேதியான் என்ற ஆயுதக் கம்பெனி, இணையத்தில் பேரில்லாமல் எழுதிய 21 பேர் மேல் கம்பெனி ரகசியத்தை வெளியிட்டதாக வழக்குப் போட்டது. பேர்களை வாங்கியது. வாங்கியதும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சில ஊழியர்கள் வேலையை விட்டுப் போனார்கள். நம்ம ஹாஸ்டல் கதைதான், கடல் கடந்த பதிப்பு.

இதற்குப் பிறகுதான் நீதிமன்றங்கள் விழித்துக்கொண்டன. 2001இல் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு மன்றம் டென்ட்ரைட் என்ற கம்பெனியின் வழக்கில் ஒரு சோதனையை வகுத்தது. எழுதியவருக்கு முதலில் தகவல் போக வேண்டும், அவர் பேர் சொல்லாமலே எதிர்க்க அவகாசம் வேண்டும். எந்த வார்த்தை அவதூறு என்று குறிப்பாகக் காட்ட வேண்டும். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, ஆதாரம் கையில் வேண்டும். எல்லாம் இருந்தாலும், பேரில்லாமல் பேசுகிற உரிமையையும் வழக்கின் பலத்தையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனியால் தனக்கு நஷ்டம் ஏற்பட்டதைக் காட்ட முடியவில்லை, பேர் கிடைக்கவில்லை. 2005இல் டெலவேர் உச்ச நீதிமன்றத்தில் கேஹில் வழக்கு. தன்னைப் பேரில்லாமல் விமர்சித்தவரின் பேரைக் கேட்டு ஒரு ஊர் மன்ற உறுப்பினர் வந்தார். வழக்கில் ஜெயிப்பதற்காக இல்லாமல் பேரைத் தெரிந்துகொள்ளுவதற்காகவே பலர் வழக்குப் போடுகிறார்கள் என்பதை நீதிமன்றம் வெளிப்படையாகவே கணக்கில் எடுத்தது. அங்கேயும் பேர் கொடுக்கப்படவில்லை.

சாதியே நேராக அந்த நாட்டு நீதிமன்றத்தில் வந்து நின்ற கதையும் உண்டு. 2020இல் கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று, சிஸ்கோ கம்பெனியில் ஒரு தலித் பொறியாளருக்குச் சாதிப் பாகுபாடு நடந்தது என்று வழக்குத் தொடுத்தது. கம்பெனி மறுத்தது. இரண்டு தனிநபர்கள் மேல் இருந்த வழக்கை 2023இல் அரசுத் துறையே கைவிட்டது. அதன் நியாய அநியாயம் தனி விவாதம். இங்கே நமக்கு வேண்டியது வேறு. பாதிக்கப்பட்டவரை ‘ஜான் டோ’ என்றே குறிப்பிட அனுமதி கேட்டபோது கீழ் நீதிமன்றம் மறுத்தது. 2022இல் மேல்முறையீட்டு மன்றம், இந்தியாவில் இருக்கிற அவருடைய குடும்பத்துக்கு வரக்கூடிய ஆபத்தையும் கணக்கில் எடுத்து முடிவு செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. சேரியில் இருக்கிற அப்பா அம்மா கலிபோர்னியா நீதிபதிக்குக்கூடக் கண்ணில் படுகிறார்கள். நம்ம முற்போக்குத் தோழருக்குப் படமாட்டேன் என்கிறார்கள்.

5

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பேர் தெரியாத எதிரி மேல் போடுகிற உத்தரவுக்கு வக்கீல்கள் ‘அசோக் குமார்’ உத்தரவு என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஜான் டோவின் இந்திய அவதாரம். சாதி தெரியாத பேராகப் பார்த்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! ஆனால் அந்த அசோக் குமாருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டால், டென்ட்ரைட் மாதிரித் தெளிவான ஒரு சோதனையை நம் சட்டம் எழுதி வைக்கவில்லை. அந்தந்த நீதிபதியின் மனசுதான் சட்டம்.

2019இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கலை உலகத்தில் நடந்த பாலியல் அத்துமீறல்களைப் பேரில்லாமல் வெளியிட்ட ஓர் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மேல், புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் 5 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டார். ஆரம்பத்திலேயே பதிவுகளை நீக்கவும், பக்கத்தை நடத்துகிறவரின் விவரங்களை மூடிய உறையில் கொடுக்கவும் உத்தரவானது. 2020இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆகவே கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

பேர் போட்டு எழுதுங்கள் என்கிறவர்கள் பிரியா ரமணியைப் பார்க்கட்டும். அவர் பேர் போட்டுத்தான் சொன்னார். 2018 அக்டோபரில் அப்போதைய மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் அவர் மேல் குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டார். 2021 பிப்ரவரி 17 அன்று விடுதலை கிடைத்தது. பல வருடம் கழித்தும், தனக்குச் சரி என்று படுகிற மேடையில் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அங்கே போய்ச் சேர இரண்டேகால் வருடத்துக்கு மேல் வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டியிருந்தது. அவர் டெல்லி தெரிந்த பத்திரிகையாளர், பக்கத்தில் நல்ல வக்கீல்கள் இருந்தார்கள். ஒரு வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போகிற வீட்டுப் பொண்ணு என்ன செய்வாள்? நடப்பதே தண்டனையாக இருக்கிற இடத்தில் முடிவில் வருகிற விடுதலையை என்ன செய்வது?

சட்டத்தில் பிடிமானம் இல்லாமல் இல்லை. 1994இல் நக்கீரன் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசோ உள்ளாட்சி மன்றமோ அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது, அதில் கை வைத்தால் சட்டத்தின் ஆதாரம், நியாயமான தேவை, அளவு மூன்றும் வேண்டும் என்றது. பேரைச் சொல்லாமல் இருப்பது அந்தரங்கம் இல்லை என்றால் வேறு எதுதான் அந்தரங்கம்? இந்த இரண்டு தீர்ப்பையும் வைத்தே நம் வக்கீல் தோழர்கள் வாதாடத் தொடங்கலாம்.

6

இப்போது ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பேரில்லாத கணக்கில் இருந்துதானே நம்மையும் சாதி சொல்லித் திட்டுகிறான்? நம்ம பொண்ணுங்க படத்தைப் போட்டு அசிங்கம் பண்ணுகிறான்? அம்பேத்கரைக் கேவலப்படுத்துகிறான்? அவனுக்கும் இந்தப் பாதுகாப்பைக் கொடுக்கிறதா?

நான் சொல்லுகிற சோதனையை அவன் மேல் வைத்துப் பாருங்கள். சாதி சொல்லித் திட்டியது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். 2022இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தில் போடுவதும் பொதுப் பார்வையில் நடப்பதுதான் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திட்டிய வார்த்தை அப்படியே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. எந்த வார்த்தை என்று காட்டலாம், ஆதாரம் காட்டலாம். பத்து நிமிடத்தில் அந்தச் சோதனை தேறிவிடும். அவன் பேரை வாங்கிக்கொள்ளலாம். ரசீதுப் புத்தகத்தைக் காட்ட மறுக்கிற தாளாளரால்தான் அதே சோதனையைத் தேற முடியாது. அவர் காட்ட வேண்டிய ஆதாரம் அந்த ரசீதுப் புத்தகத்திலேயே இருக்கிறது. யோக்கியமாக இருந்தால் அதை நீதிமன்றத்தில் விரித்துவைத்துவிட்டுப் பேரைக் கேட்கட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. உண்மையிலேயே பொய்யால் பாதிக்கப்பட்ட மனுசனுக்கும் இந்த வழி அடைபடவில்லை.

ஆக, நாம் கேட்க வேண்டியது இவை.

ஒன்று: பேரைக் கேட்டு மனுப் போட்டதும், எழுதியவருக்குத் தகவல் போய், அவர் பேர் சொல்லாமலே வக்கீல் வைத்து எதிர்க்க அவகாசம் வேண்டும்.

இரண்டு: எந்த வாக்கியம் பொய் என்று வாதி சத்தியப் பிரமாணத்தோடு எழுதித் தர வேண்டும். அதற்கான ஆவணங்களை முதலிலேயே தாக்கல் செய்ய வேண்டும்.

மூன்று: பேர் தெரிந்தால் எழுதியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் சாதி காரணமாக என்ன ஆபத்து என்பதை நீதிமன்றம் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

நான்கு: அப்படியும் பேர் வெளிவந்தாக வேண்டும் என்றால் அது நீதிமன்றத்தோடு நிற்க வேண்டும். கல்லூரிக்கோ கம்பெனிக்கோ ஊருக்கோ போகக்கூடாது. பேரை வாங்கிக்கொண்டு வழக்கை வாபஸ் வாங்குகிறவர் செலவுத்தொகை கட்ட வேண்டும். வாயை அடைக்கப் போடுகிற வழக்குகளில் எதிராளியின் வக்கீல் செலவை வாதியே கட்டும்படி கலிபோர்னியா 1992லேயே சட்டம் செய்திருக்கிறது.

ஐந்து: குற்றவியல் அவதூறுப் பிரிவு ஒழிய வேண்டும்.

தைரியத்தைப் பற்றிப் பேசுகிற தோழர்களுக்குக் கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரையை நான் என் பேரில்தான் எழுதுகிறேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. எனக்கு மாதம் பிறந்தால் பென்சன் வந்துவிடுகிறது, பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், ஊரில் என் சனம் யாரும் இன்னொருத்தன் வயலை நம்பி இல்லை. இது மூன்றும் இல்லாத இருபது வயதுப் பிள்ளையிடம் போய் உன் பேரைப் போடு என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லுவதாக இருந்தால், சொல்லுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வேலையும், அவள் வீட்டுக்கு இரண்டு ஏக்கர் நிலமும், வாய்தாவுக்கு ஒரு வக்கீலும் ஏற்பாடு பண்ணிக் கொடுங்கள். அதுவரைக்கும் அவள் எழுதிய பத்து வரியைப் படித்துப் பாருங்கள். அதில் இருப்பது உண்மையா என்று விசாரியுங்கள்.